ஹான்ஸின் இனிசியல்

ஆவூரில் மாதா கோயில் அலுவலக வாசலில் காத்திருக்கிறேன். என் கொள்ளுத்தாத்தா ஹான்ஸ் லார்சன் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து, இந்தக் கோயிலில்தான் தாலி கட்டினார். அவருடைய அப்பாவை நார்வேயின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் 'லார்சன்' என்ற பெயரில் தேடித் தேடி ஓய்ந்துவிட்டேன். இங்குள்ள திருமணப் பதிவாவது வழிகாட்டாதா என்று வந்திருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் குவைத்தில் நர்ஸ். பாஸ்போர்ட்டில் பெயர் திருத்த ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்க வந்திருக்கிறார்.

"இனிசியலை விரிச்சு எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். இப்ப அங்கிட்டு ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னைய ஆரோக்கியசாமின்னுதாங்க கூப்பிடுறாங்க. அது எங்க அப்பா பேரு" என்று சிரிக்கிறார்.

கூடவே சிரிக்கும் எனக்குப் பாதியில் சிரிப்பு நின்றுவிடுகிறது. லார்சன் என்றால் லார்ஸின் மகன். பரம்பரைப் பெயர் என்று நாங்கள் பெருமையாகப் போட்டுக்கொள்வது ஹான்ஸின் இனிசியலை.

கைபேசியில் அதே நார்வே பதிவுகளில் 'லார்ஸ்' என்று தேடுகிறேன். வருகிறார்: லார்ஸ், மீனவர், மகன் ஹான்ஸ். ஹான்ஸுக்கு எங்கள் வீட்டு ஜெபப் புத்தகத்தில் இருக்கும் அதே பிறந்தநாள்.

கண் கலங்கத் திரையை அவரிடம் காட்டுகிறேன். நன்றி சொல்லிவிட்டு, பெயர் கேட்கிறேன்.

"ஸ்டெல்லாங்க" என்கிறார். "அம்புட்டுதான் எம் பேரு."