ஐஸ் பெட்டி வேண்டாம் என்று சொன்ன அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணன் அமெரிக்காவிலிருந்து போனில் கேட்டார். “கசப்பா ஒண்ணும் எழுதிராத, நாலு பேரு படிப்பாங்க” என்றும் சொன்னார். நாலு பேர் படிப்பார்கள் என்பதால்தான் நான் எழுதவே சம்மதித்தேன். அடக்க ஆராதனையில் வாசித்த வாழ்க்கைக் குறிப்பில் அக்கா பிறந்த ஊர் இருந்தது, படித்த பள்ளி இருந்தது, பார்த்த உத்தியோகம் இருந்தது. அக்கா மட்டும் அதில் இல்லை. அதனால் முதலிலிருந்து சொல்லுகிறேன்.

அக்கா களக்காட்டில் பிறந்தார். அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவர், அடுத்து அண்ணன், கடைசியாக நான். அப்பாவுக்கு மாற்றல் வந்து பாளையங்கோட்டைக்குக் குடிவந்த பிறகு அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்து, ஓய்வு பெறும்வரை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பெரிய வகுப்புக்குப் போகச் சொல்லிப் பள்ளியில் பலமுறை கேட்டார்கள். “மூணாங்கிளாஸ் பிள்ளையளுக்குத்தான் சொன்னா காதுல ஏறுது. அதுக்கு மேல போனா எல்லாம் தனக்கே தெரியும்ங்கும்” என்று மறுத்துவிட்டார்.

மலரில் எல்லோரையும் சாந்தசொரூபி என்று எழுதுவது வழக்கம். அக்கா சாந்தசொரூபி இல்லை. கோபக்காரர். யாருக்காகவும் எதற்காகவும் காத்திருக்கப் பிடிக்காது. கோவிலில் ஞானப்பாட்டைப் பாடகர் குழுவுக்கு ஒரு வரி முன்னாலேயே பாடி முடித்துவிடுவார். பிரசங்கம் நீண்டுகொண்டே போனால் கைக்கடிகாரத்தைக் கழற்றி, போதகர் கண்ணில் படும்படி பெஞ்சில் வைப்பார். காபி ஆறிப்போனால் குடிக்கமாட்டார், திரும்பச் சூடு பண்ணினாலும் குடிக்கமாட்டார். அப்படிப்பட்ட மனுஷி வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருந்தார் என்பதுதான் நான் எழுத வந்தது.

அண்ணன் அக்காவுக்குச் செல்லம். வீட்டில் ஒரு முட்டை அவித்தால் அது அண்ணனுக்கு. மஞ்சள் கரு மட்டுமாவது எனக்குக் கிடைக்குமா என்று நான் பக்கத்தில் நிற்பேன். “அவன் படிக்கிறவன்ட்டி” என்பார். நானும்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் டெல்லியில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்கள். சித்திரை மாதம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயில். மகன் வந்து முகம் பார்க்காமல் அம்மாவை எப்படி எடுப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். டெல்லியிலிருந்து ரயில் வந்து சேருவதற்குள் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் கண்ணாடிப் பெட்டி கிடையாது. தூத்துக்குடியிலிருந்து மீன் லாரிக்குப் போடுகிற ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்தார்கள். அதன்மேல் அம்மாவைக் கிடத்தினார்கள். ஐஸ் உருகி முன்னறையிலிருந்து வாசல்படி வழியாகத் தெருவுக்கு ஓடியது. மீன் வாடை அடித்தது. அந்தத் தண்ணீரைச் சாக்குத் துணியால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தவர் அக்கா. அண்ணன் வந்து பார்த்தபோது அது எங்கள் அம்மாவின் முகமாக இல்லை. இன்றைக்கும் அம்மாவை நினைத்தால் எனக்கு அந்த முகம்தான் முதலில் வருகிறது. அதற்காக நான் யாரையும் மன்னிக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும் வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “ஏட்டி, என்னை இப்படிப் போட்டுராத. நான் செத்தன்னைக்கே கொண்டு போயிருங்க. எவன் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி.”

அதன்பின் அண்ணன் அமெரிக்கா போனார். அக்காவுக்கு நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையும் ஆசிரியர். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. கூடப் பிறந்த ஒரே தம்பி இல்லாமல் அக்கா கல்யாணமா என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றார். பிறகு ஈஸ்டர் என்றார். விசா காரியம் முடியவில்லை என்றார். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகவே காத்திருந்தார்கள். பிறகு மரியாதையாகவே வேறு இடத்தில் பெண் எடுத்துக்கொண்டார்கள். அக்கா அன்றைக்கும் பள்ளிக்கூடம் போனார். சாயங்காலம் வந்து, “போனா போட்டும்” என்றார். வாழ்க்கைக் குறிப்பில் இதை, “குடும்பத்துக்காகத் தம்மையே அர்ப்பணித்தார்” என்று வாசித்தார்கள். அர்ப்பணித்தவர் அக்கா இல்லை. அக்காவை எடுத்து அர்ப்பணித்தவர்கள் நாங்கள்.

அப்பாவும் போன பிறகு அக்கா பேட்டையில் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணமாகி, பின் கணவரை இழந்து, நானும் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். அக்காவின் அடுத்த வீடு ஜமீலாவுடையது. ஜமீலாவின் மாமனார் ஒருநாள் விடியற்காலையில் மௌத்தானார். மூத்த மகன் சவுதியில், ஜமீலாவின் கணவர் மட்டும் ஊரில். பகல் தொழுகை முடிந்ததும் அடக்கிவிட்டார்கள். மகன் அங்கிருந்தே போனில் பார்த்து அழுதார். பின்னால் ஊருக்கு வந்து கபர் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார். அக்கா இதை எல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இதுதாம்ட்டி மரியாதை. செத்தவங்களப் போக விடணும்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போதகரிடம் போய்ச் சொல்லிவிட்டார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். எங்கள் அம்மாவின் தம்பி, மாமாவிடம் சொன்னார். வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். “எனக்கு ஐஸ் பெட்டி வேண்டாம்” என்று அக்கா சொல்லாத ஆள் பேட்டையில் கிடையாது.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. சில வருடம் கட்டிலோடுதான். குளிப்பாட்டினது ஜமீலாவும் நானும். அண்ணன் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் வீடியோவில் வருவார். வீட்டைச் சுற்றிக் காட்டுவார், பனி கொட்டிக் கிடப்பதைக் காட்டுவார். அக்கா நல்ல கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார். “அடுத்த வருஷம் கண்டிப்பா வாரேன் அக்கா” என்பார். பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும், வீடு மாற்ற வேண்டி வரும், அண்ணிக்கு முதுகுவலி வரும். எல்லாம் வந்தது. அவர் வரவில்லை. அக்கா ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. ஆறின காபிக்குக் கோபப்படுகிற அக்கா.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஜமீலா கஞ்சி கொண்டு வந்தபோது அக்காவுக்கு மூச்சு இல்லை. முகம் அமைதியாக இருந்தது. பக்கவாதத்தில் இழுத்திருந்த வாய்கூட நேராகியிருந்தது. நான் போதகருக்குச் சொன்னேன். கோவிலில் துக்க மணி அடித்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு அடக்கம் என்று அறிவித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். நினைத்தபடி நடக்கிறது என்று எனக்குத் துக்கத்திலும் ஒரு நிம்மதி இருந்தது.

பத்து மணிக்கு அண்ணன் போன் பண்ணினார். மாமா அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். “அக்கா முகத்த நான் பாக்காம மூடக்கூடாது. நான் வாரேன்” என்று அழுதார். கூடியிருந்தவர்களும் அழுதார்கள்.

நான் மாமாவிடம் சொன்னேன், “அக்கா வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. ஒங்ககிட்டயும் சொன்னாங்கல்லா?”

“என்ன பிள்ள பேசுத நீ? கூடப் பெறந்தவன் கடல் தாண்டி வாரேம்ங்கான். செத்தவளுக்கு என்ன தெரியப் போகுது? இருக்கவன் மனசு நோகக்கூடாது.”

ஜமீலா ஒருத்திதான் வாயைத் திறந்தாள். “டீச்சர் என்ட்டயும் சொன்னாங்க. அன்னைக்கே எடுக்கணும்னு கையப் பிடிச்சிச் சொன்னாங்க.”

“நீங்க ஒங்க வழக்கத்த இங்கன சொல்லாதீங்கம்மா” என்றார் மாமா.

நான் போதகரைப் பார்த்தேன். அக்கா அவரிடம் நேரில் சொன்னது அவருக்கு நினைவிருந்தது, முகத்திலேயே தெரிந்தது. “குடும்பத்தார் ஒருமனமாய் என்ன சொல்லுகிறீர்களோ அப்படியே செய்வோம்” என்றார். ஒருமனம் என்றால் என்னைத் தவிர மற்றவர்கள். அவர் நல்ல மனிதர்தான். இந்த மலர் அவர் கைக்கும் போகும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மத்தியானம் கண்ணாடிப் பெட்டி வந்தது. வெட்டின குழியைத் தென்னந்தட்டி போட்டு மூடினார்கள். அதன்பின் வந்த நாட்களில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அக்காவைப் பற்றிக் கேட்டதைவிட அண்ணனைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். “தம்பி எங்கன வாரான்?” “இப்பம் துபாய்ல எறங்கிட்டானாம்.” “அங்கன பிளேன் லேட்டாம்லா, பாவம், சாப்பிட்டானோ என்னவோ.” மாமாவின் பேரன் செல்போனில் விமானம் கடல்மேல் நகர்வதைக் காட்ட, ஒரு கூட்டமே தலையை நீட்டிப் பார்த்தது. பெட்டிக்குள் இருந்தவர் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒரு ஓரமாகக் கிடந்தார். கரண்ட் போகும், ஜெனரேட்டர் போடுவார்கள், திரும்ப வரும். ஒவ்வொரு நாளும் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. உதடு சுருங்கியது. வாய் மறுபடியும் கோணிற்று. ஜமீலா காலையில் வந்து பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டின பிறகு எழுந்து போவாள்.

அண்ணன் வந்தார். கண்ணாடியில் படிந்திருந்த பனியைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். “அக்கா எவ்வளவு மாறிட்டா!” என்று கதறினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “சாப்பாடு ஒழுங்காக் குடுக்கலையாட்டி?” என்று கேட்டார்.

நான் அதற்குப் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கு அடக்கம் நடந்திருக்காது.

ஆராதனையில் அண்ணன் சாட்சி சொன்னார். “என் அக்கா எனக்காகக் காத்திருந்தாள். தம்பி முகத்தைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று காத்திருந்தாள்” என்றார். சபையார் ஆமென் சொன்னார்கள். அக்கா போய் மூன்று நாள் ஆகியிருந்தது. காக்க வைத்தது அக்காவின் உடம்பை. உயிர் இருந்தபோது அவர் காத்திருந்த காலத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல அங்கே யாரும் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. அந்த அழுகை பொய்யும் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். நம் சனத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர் கூப்பிட்டால் வரமுடியாதவர்கள், மணி அடித்தால் கிடைத்த விமானத்தில் ஏறிவிடுகிறார்கள். நாமும் அதைப் பாசம் என்று சொல்லி, பெட்டிக்குச் சொல்லிவிடுகிறோம்.

நன்றி சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கக்கூடாது. அக்காவை முகம் சுளிக்காமல் குளிப்பாட்டிய ஜமீலாவுக்கும், அவசரத்துக்கெல்லாம் ஆட்டோ ஓட்டி ஆஸ்பத்திரி கொண்டுபோன அவள் கணவருக்கும் என் நன்றி. வேலை முடிந்து போகிற வழியில் ஏறிவந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போன, கோவில் மணி அடிக்கிற எங்கள் கோயில்பிள்ளைக்கு நன்றி. பெட்டியைப் பார்க்க வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு அண்ணன் தம் கட்டுரையில் நன்றி சொல்லியிருக்கிறார், அது போதும்.

கடைசியாக என் காரியம். அக்கா வாயால் சொன்னார், நடக்கவில்லை. அதனால் நான் அச்சில் சொல்லுகிறேன். இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் சாட்சி. எனக்கு மணி அடிக்கிற அன்றைக்கே என்னை எடுத்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருக்கிற என் மகளுக்காகவும் நிறுத்திவைக்கக்கூடாது.

இப்படி எழுதப்போகிறேன் என்று மகளிடம் முன்கூட்டியே சொன்னேன். போனில் அழுதாள். “நான் வந்து ஒங்க முகத்தப் பாக்க வேண்டாமாம்மா?” என்று கேட்டாள்.

“பாக்கலாமே. இப்பம் வா. முகம் இங்கனதான இருக்கு” என்றேன்.

“லீவு கெடைக்குமான்னு கேட்டுப் பாக்குதேம்மா” என்றாள்.