எங்கள் மெஸ்ஸும் பழனி ரோட்டு வேனும்

ஹாஸ்டல் மெஸ்காரன் பிழைப்பே தனி: சோறு நன்றாக இருந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், உப்பு ஒரு கல் கூடிவிட்டால் ஊரே பேசும். கரண்டி பிடித்துக் காலம் தள்ளும் சகோதரர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மெஸ் சூப்பர்வைசராக இருக்கிற நான் பட்டதைச் சொல்கிறேன்.

நோட்டு

மெஸ் வாசலில் ஒரு புகார் நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். அதில் பாதிப் பக்கம் சரவணன் என்ற மூன்றாம் வருஷப் பையனின் கைவண்ணம். படித்ததும் எங்கள் சமையல் மாஸ்டர் காதர் பாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் மறுநாள் அந்தக் குறை இருக்காது. ஒருநாள் எழுதியது போதாதென்று பையன் நேரிலேயே வந்துவிட்டான்.

"அண்ணே, சாம்பார்ல பருப்பு இன்னைக்கு லீவாண்ணே?"

கட்டம் போட்ட அட்டை

ஒரு மார்கழியில் கல்லூரிச் செயலாளர் எங்களைக் கூப்பிட்டார். பக்கத்தில் டை கட்டிய ஒருவர். மெஸ்ஸைக் காண்ட்ராக்டுக்கு விடப்போகிறார்களாம். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய சமையல்கூடத்திலிருந்து சாப்பாடு வேனில் வருமாம். தை மாதம் ஒரு வாரம் சோதனை, பிடித்திருந்தால் நிரந்தரம். அதற்குப் பிறகு நாங்கள் பதினோரு பேரும் வீட்டுக்குப் போகலாம். டை கட்டியவரிடம், "தை மாசம் பழனி ரோட்டுல வேன் எப்படி வரும்?" என்று கேட்டேன். "எங்க வேன் பன்னெண்டரைக்கு வாசல்ல நிக்கும்" என்றார், கடிகாரத்தைத் தட்டிக்காட்டி. பிளாஸ்டிக் உறை போட்ட மெனு அட்டை ஒன்றையும் நீட்டினார். காதர் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டமெல்லாம் நல்லாத்தேன் போட்டிருக்காக. ரெண்டாவது தடவை சோறு கேக்குறவனுக்கு எந்தக் கட்டம்?"

புகார்க்காரனின் மனு

செய்தி பரவியதும் பையன்கள் மனு எழுதிவிட்டார்கள், மெஸ்ஸை வெளியாளுக்கு விடக்கூடாதென்று. கொண்டுபோனவன் யாரென்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் சரவணன்! கூடப் போன எனக்கே நம்ப முடியவில்லை. செயலாளர் விடுவாரா? புகார் நோட்டை வரவழைத்து மேஜையில் போட்டார். "தினம் தினம் குறை எழுதுனது நீதானே? இப்ப இவங்கதான் வேணுமா?" என்று கேட்டார். அவன் அசரவில்லை.

"ஆமா சார், எழுதுனேன். எழுதுனா மறுநாள் மாஸ்டர் சரி பண்ணிருவாரு. வேன்ல எங்கிட்டு சார் நோட்டைத் தொங்கவிடுறது?"

அரோகரா

மனு அலமாரிக்குப் போனது, சோதனை வாரம் வந்தது. எங்களுக்குத் தட்டு கழுவுகிற வேலை மட்டும். முதல் இரண்டு நாள் வேன் கரெக்டாக வந்தது. மூன்றாம் நாள் தைப்பூசத்துக்கு நடக்கிற கூட்டம் ரோட்டை அடைத்துவிட்டது. மணி ஒன்று, வேனைக் காணோம். பையன்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். ருசி பார்க்க வந்திருந்த செயலாளர் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அப்போது ஆபீசுக்கு போன் வந்தது, ஒரு பெட்டிக்கடையிலிருந்து வேன் டிரைவர். கூட்டத்தில் வண்டி நின்றிருக்கிறது; சாம்பார் வாசனை வந்திருக்கிறது; யாரோ பக்தர் அன்னதான வண்டி என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார். செயலாளர் போனிலேயே கத்தினார், "இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஏனுங்க, மாலை போட்டவங்க அரோகரான்னு சொல்லி வரிசையில நிக்கறாங்க, எப்படிங்க இல்லைன்னு சொல்றது? அப்பளம் மட்டும் மிச்சமிருக்குதுங்க, கொண்டாரட்டுங்களா?"

பெஞ்சில் ஒரு சாப்பாடு

ஸ்டோர் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. செயலாளர் என் முகத்தைப் பார்த்தார். நான் காதர் பாயைப் பார்த்தேன். அவர் அதற்குள் லுங்கியை மடித்துக் கட்டி உலை வைத்துவிட்டார். பதினோரு பேரும் பம்பரமாய்ச் சுழன்றோம். முக்கால் மணி நேரத்தில் சோறு, தக்காளி ரசம், பருப்புத் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். செயலாளர் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. கை கழுவியதும் டை கட்டியவருக்குப் போன் போட்டு, "நாளைக்கு வேன் வேண்டாம்" என்றார். பையன்கள் போட்ட கூச்சலில் கூரை பறந்திருக்கும். சரவணன் மட்டும் நேரே நோட்டுக்குப் போனான். எழுதியதை எல்லோரும் கேட்க உரக்கப் படித்தான்.

"ரசத்துல உப்பு கம்மி. நாளைக்கு இவங்களே சரி பண்ணணும்."

எங்கள் கைப்பக்குவத்தால்தான் மெஸ் பிழைத்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், என்றாலும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அந்த வேன் டிரைவர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஸ்டோரைத் திறக்கிறேன்.