அக்காவுக்கு முன்னால் சாகக் கூடாது

ஆலையில் அவனை எல்லாரும் பாய்லர் என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தொரு வருஷம் கொதிகலனுக்கு முன்னால் என்னோடு நின்று வெந்தவன். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கக் கிளம்பிய வருஷம் அக்கா புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே படிவத்தில் வாரிசு என்ற கட்டத்தில் அக்கா பேரை எழுதிவிட்டான். தனக்குப் பிறகும் அவளுக்குச் சோறு உண்டு என்று இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினான், மடையன். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்து அம்மா போட்டு உடைத்தாள்.

"அது மொத்தமா வர்ற பணத்துக்கு மட்டும்தான் சார். மாசாமாசம் வர்ற பென்ஷன் உங்களோட சரி. சம்சாரம் இருந்தா அவங்களுக்குப் போகும். அக்காவுக்கெல்லாம் கிடையாது."

எவன் எழுதிய சட்டமோ! இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவள் குடும்பமில்லையாம். கைக்கு வந்த மொத்தப் பணமோ பின்னால் அக்காவின் கண்ணுக்கும் முட்டிக்கும் என்று ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்தது.

அன்று அலுவலகத்திலிருந்து வெளியே வந்தவன் சிகரெட் பாக்கெட்டை அப்படியே சாக்கடையில் வீசினான். "இனிமே அவளுக்கு முன்னாடி நான் சாகக் கூடாதுடா" என்றான்.

உப்பைக் குறைத்தான். விடிவதற்குள் நடக்கப் போனான். அக்காவிடம் காரணம் மட்டும் சொல்லவில்லை. அவளோ, "இந்த வயசுல யாருக்குடா மாப்பிள்ளை ஆகப்போற?" என்று கிண்டலடிப்பாள். வருஷத்துக்கொரு முறை உயிரோடு இருக்கிறோம் என்று அலுவலகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது வருஷமும் வரிசையில் முதல் ஆள் அவன்தான்.

போன மாதம் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

நேற்று கையெழுத்துக்குக் கடைசி நாள். வரிசையில் அவனைக் காணோம். பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. அழுக்குப் பனியனோடு அக்காவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"அறிவிருக்கா உனக்கு? நாலு மணிக்கு மூடிடுவான், பென்ஷன் நின்னுடும். கிளம்புடா!" என்று கத்தினேன்.

"உயிரோட இருக்கேன்னு இனிமே யாருக்குடா காட்டணும்?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. களைத்துப் போயிருந்தான்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சிகரெட் வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் எடுத்துக் கொடுத்து, நானே பற்றவும் வைத்தேன்.