இரண்டாம் படியில் எழுதிய அவுன்ஸ்

சுலஸ்மி எடை அளவைகளைப் பள்ளிக்கூடப் படிக்கட்டில் வைத்துத்தான் நடத்துவாள். ஏழு படிகள். உச்சியில் கிலோகிராம், அடியில் மில்லிகிராம். ஒரு படி இறங்கினால் பத்தால் பெருக்கு, ஏறினால் வகு. மேலிருந்து இரண்டாம் படி ஒன்ஸ், அதாவது நூறு கிராம். ஜாவாவில் மிளகாய் வாங்குவதே ஒன்ஸ் கணக்கில்தான். ஆங்கிலத்திலும் இதுதான் என்று நம்பி, பக்கத்திலேயே அவுன்ஸ் என்றும் பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு அவளே பெயிண்டால் எழுதியிருந்தாள்.

எட்டாம் வகுப்பு வெனிங் நான்கு நாளாக வரவில்லை. அப்பா தர்ஜோ குராமி மீன்குஞ்சு வளர்ப்பவர். வெளிநாட்டு மருந்து டப்பாவில் தொட்டிக்கு ஓர் அவுன்ஸ் என்று போட்டிருந்தது. மகளைக் கேட்டார், நூறு கிராம் என்றாள். விடிந்ததும் குஞ்சுகளெல்லாம் வயிறு மேலாக மிதந்தன. இனிப் படித்துக் கிழித்தது போதும் என்று அவளை நிறுத்திவிட்டார். வகுப்பில் அவளுக்கு ‘மீன் டாக்டர்’ என்று பெயரும் வைத்தாயிற்று.

டப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் சுலஸ்மி போனில் தேடிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே தர்ஜோவின் மீன்தொட்டிப் பக்கம் போனாள்.

“உங்க பொண்ணு படிச்சதைச் சரியாத்தான் சொன்னா, பாக் தர்ஜோ. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு. அவுன்ஸ் வேற, நம்ம ஒன்ஸ் வேற. அது இருபத்தெட்டு கிராம்தான்.”

“சமாதானத்துக்குச் சொல்றீங்களா, இபு சுலஸ்மி? சந்தையில எந்தப் பிள்ளையக் கேட்டாலும் நூறுன்னுதான் சொல்லும்.”

போனை நீட்டினாள். தர்ஜோ அதிலிருந்த எண்ணைப் பார்த்தார்.

“நாலு நாளா அவகிட்ட நான் முகங்குடுத்துப் பேசல. இதை எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? அவளைக் கேலி பண்றாங்களே, அந்தப் பிள்ளைங்க முன்னாடி சொல்லுங்க. அப்புறம் அனுப்புறேன்.”

சத்தமில்லாமல் பெயிண்ட் அடித்து மறைத்துவிடும்படி தலைமையாசிரியர் சொல்லிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தின் பெயர் கெட்டுவிடுமாம். சுலஸ்மி தலையாட்டவில்லை.

திங்கட்கிழமை கொடியேற்றம் முடிந்ததும் எட்டாம் வகுப்பை நிறுத்திவைத்து, நடந்ததைச் சொன்னாள். பிறகு இரண்டாம் படியில் குத்துக்காலிட்டு அந்த எழுத்தைக் கத்தியால் சுரண்டினாள். யாரும் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற தர்ஜோ மகளை உள்ளே அனுப்பிவிட்டுப் போனார்.

வெனிங் படியருகே வந்து நின்றாள்.

“எங்கக்காவும் உங்ககிட்டத்தான் படிச்சா, இபு. இப்ப மருந்துக்கடையில வேலை பாக்குறா. அவளும் அவுன்ஸுன்னா நூறுன்னுதான் சொல்றா.”

சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“எந்தக் கடை?” என்று கேட்டபடி சுலஸ்மி எழுந்தாள்.