வாய்விட்டுச் சொன்ன உத்தரவு

கட்டைவிரல் உயரம்தான் இருக்கும் அந்த ஈயப் பொம்மை. நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, உயர்த்திய வலது கை. கையிலிருந்த வாள் எப்போதோ உடைந்துபோனதால், எதிரே இருக்கும் யாரையோ கூப்பிடுவதுபோல் நிற்கிறான். என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தார், அவனைக் 'கப்பித்தேன்' என்பார். நீலப் படைக்கு அவன்தான் தலைவன். மூத்தார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய 'சொல்தா'. மனைவி மக்கள் கிடையாது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் அவர் இருந்தார். கீழே நான் இருந்தேன். என் கணவர் துபாயில் இருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தச் சில வருடங்களில் எங்கள் குடும்பம் என்பது இவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் மருமகள் மூத்தாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. நான் கல்யாணமாகி வந்த வாரமே மாமியார் இதைச் சொல்லிவிட்டார். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் பழக்கம் மட்டும் போகவில்லை. படிக்கட்டுச் சுவரைப் பார்த்து, "சாப்பாடு ஆயிடுச்சி" என்பேன். அவர் மேலேயிருந்து ஜன்னலிடம், "வெச்சிட்டுப் போவலாம்" என்பார். இரண்டே பேர் இருந்த வீட்டில் சுவருக்கும் ஜன்னலுக்கும்தான் பேச்சுவார்த்தை. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை கணவரின் போன் வரும்வரை யாரிடமும் முழுதாக ஒரு வாக்கியம் பேசாத வாரங்கள் உண்டு.

மாடியறையில் பழைய கதவு ஒன்றை மேசையாகப் போட்டு, பச்சை வண்ணம் அடித்து, நடுவில் சின்னதாக ஒரு மேடு வைத்து, நீலப் படையை ஒரு பக்கமும் சிவப்புப் படையை ஒரு பக்கமும் நிறுத்தியிருப்பார். இரண்டு பக்கமும் அவரே ஆடுவார். பெருக்கப் போன ஒரு காலையில், தனியாகச் சாய்ந்து கிடந்த சிவப்புக் குதிரைக்காரனை எடுத்து மற்றவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "உத்தரவு சொல்லாம எவனும் நவுரக் கூடாது. நவுத்தணும்னா செவப்புப் பக்கம் ஒக்காந்து ஆடலாம்." துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆட்டம் இதுதான். நீலம் ஒரு முறை, சிவப்பு ஒரு முறை. நம் முறை வந்தால், எந்தப் படை எங்கே போக வேண்டும் என்று உத்தரவு சொல்ல வேண்டும். எதிராளி "சரி" என்ற பிறகுதான் பகடை. தலைவன் பொம்மைக்கு ஒரு சாணுக்குள் நிற்கும் படைக்குச் சின்ன எண் விழுந்தாலும் போதும். சாண் தாண்டி நிற்பவனுக்கு ஆறு விழ வேண்டும். விழாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பான். சொல்லாமல் தொட்டால் முறையே போச்சு. அங்கேதான் எனக்கு இடித்தது. அவர் முன்னால் வாய் திறக்க வரவில்லை. நான் பேசாமல் கையை நீட்டிப் படையைத் தள்ளுவேன். அவர் பேசாமல் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பார். வாரக்கணக்கில் தோற்றேன். தோற்றாலும் மாடியேறுவதை நிறுத்தவில்லை.

பிறகு ரோஷம் வந்துவிட்டது. ஆட்டத்தின் விதிகள் பிரெஞ்சில் ஒரு சின்னப் புத்தகமாக இருந்தன. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். சாப்பாட்டுத் தட்டோடு அதையும் கீழே கொண்டுவந்து படித்தேன். உத்தரவு எதிராளிக்குப் புரிய வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. வாயால் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் இல்லை. மறுநாள் அந்த வரியில் விரலை வைத்து அவர் முன் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்தார். "இத்தினி வருசம் வீணாக் கத்திக்கிட்டு இருந்துட்டேன்" என்றார் ஜன்னலிடம். அன்றிலிருந்து நான் படையைக் காட்டி, இடத்தைக் காட்டுவேன். அவர் "சரி" என்பார். அந்தச் சரி மட்டும் ஜன்னலுக்கு இல்லை, எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை, இந்த வருடமும் வர முடியாது என்று கணவர் போனில் சொன்னார். போனை வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனேன். என் முறை வந்தபோது கை எழவில்லை. "கடைசியில நிக்கிற குதிரப்படை மேட்டத் தாண்டிப் போவணும்" என்று என் குரல் எனக்கே கேட்டது. தலைவனை விட்டு எங்கேயோ தள்ளி நின்ற படை அது. அவர் நிமிர்ந்து, ஜன்னலை விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். ஆறு விழவில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அதன்பிறகு தினமும் பேசினோம். உத்தரவும் சரியும் மட்டும்தான், ஆனாலும் பேச்சுதானே.

பக்கவாதம் வந்து, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் திரும்பியபோது வலது கையும் பேச்சும் போயிருந்தன. நாற்காலியோடு மேசைப் பக்கம் கொண்டுபோய் உட்காரவைத்தேன். வாய் கோணிக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார், வரவில்லை. இடது கையால் ஒரு நீலப் படையைத் தள்ளினார். உடனே அவரே அதைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தார். சொல்லாமல் தொட்டுவிட்டாராம். அவர் கண்ணில் நீர் நின்றது.

"கையக் காட்டினாலே போதும் மாமா. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

அதுவரை அவரை நான் எந்த உறவுமுறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அவர் மெதுவாகப் படையைக் காட்டினார், இடத்தைக் காட்டினார். "சரி" என்றேன். என் முறை வந்ததும் நான் உத்தரவு சொன்னேன்; அவர் விரலால் மேசையைத் தட்டினார். அதுதான் அவருடைய சரி. அடுத்த மழைக்காலத்தில் அவர் போகும்வரை அப்படித்தான் ஆடினோம்.

கணவர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். நல்ல மனிதர், டிவி பார்ப்பார். ஒரு நாள் மாடிக்கு அழைத்துப்போய் ஆட்டத்தைச் சொல்லப் பார்த்தேன். "பொம்ம வெச்சி வெளையாடற வயசா நமக்கு" என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். நான் மட்டும் எப்போதாவது போய்ச் சிவப்புப் பக்கம் உட்காருகிறேன். எதிரே கப்பித்தேன் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். என் குதிரைப் படைக்கு உத்தரவு சொல்கிறேன், வாய்விட்டுத்தான். மேசை தட்டும் ஓசைக்காகக் காத்திருக்கிறேன். எதிராளி சரி சொல்லாமல் போடக் கூடாது. பகடை என் கையிலேயே இருக்கிறது.