இடது பக்க வைப்பர்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் இது எனக்கே நடந்தது. போன ஐப்பசி மழையில், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஊத்துக்கோட்டை போகிற ரோட்டில்.

என் பெயர் சுமலதா. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியின் லேபில் வேலை. வீடு ஊத்துக்கோட்டை. என் வீட்டுக்காரர் சரவணகுமாரும் சிப்காட்டில்தான் இருந்தார், வேறு கம்பெனி. ஒரே காரில் போய் ஒரே காரில் வருவோம். அவர் ஓட்டுவார். நான் இடது பக்கம் உட்கார்ந்து பாதி வழியிலேயே தூங்கிவிடுவேன். வைகாசியில் ஒரு நாள் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவேயில்லை.

அதற்குப் பிறகு நான்தான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் என் பையை வைத்துக்கொள்வேன். அது காலியாக இருந்தால் ஓட்ட முடியாது என்னால்.

மழை ஆரம்பித்ததும் வைப்பர் தகராறு செய்தது. டிரைவர் பக்கத்து வைப்பர் சீராகப் போகாமல் கண்ணாடி மேல் தாவித் தாவிப் போனது. தட்... தட்... தட்... தாவின இடமெல்லாம் தண்ணீர் கோடு கோடாக நின்றது. இடது பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

சிப்காட் புகை கண்ணாடியில் எண்ணெய் மாதிரி படியும். அதுதான் காரணம் என்று நினைத்து ஷாம்பு தண்ணீர் போட்டுக் கழுவினேன். ரப்பரை ஈரத் துணியால் வழித்தேன். துணி கறுத்துப்போனது. ரெண்டு நாள் நன்றாக ஓடியது. மறுபடியும் தட்... தட்...

அன்றைக்கு வேலை முடிந்ததும் பஜாரில் அந்தோணி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். அவர் ரப்பரை விரலால் மடக்கிப் பார்த்தார்.

"வெயில்ல வெடிச்சுப் போச்சு மேடம். ரெண்டையும் மாத்திருங்க."

"இந்தப் பக்கம் நல்லாத்தானே ஓடுது?"

"ரெண்டும் ஒண்ணாப் போட்டதுதானே. இன்னிக்கி அது, நாளைக்கி இது."

இரும்பு ஃப்ரேம் வைத்தது ஒன்றும், ஃப்ரேம் இல்லாமல் பட்டையாக வளைவது ஒன்றும் எடுத்து வைத்தார். பட்டையாக இருப்பது கண்ணாடி வளைவோடு ஒட்டி உட்காரும் என்றார். அதையே வாங்கினேன். பழையதை அளந்து, டிரைவர் பக்கத்துக்கு நீளமானதும் இடது பக்கத்துக்குக் கட்டையானதும் மாட்டினார். வைப்பர் கை லேசாக முறுக்கிக்கொண்டு ரப்பர் சாய்ந்து நின்றது. அதை இடுக்கியால் நிமிர்த்தினார். தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை.

"இனிமே தாவாது மேடம்."

ஆறரை மணி இருக்கும், கிளம்பினேன். இருட்டிக்கொண்டு வந்தது. மழை வலுத்தது. அமிர்தா போன் செய்தாள். என் மகள். நான் வரும்வரை பக்கத்து வீட்டில் இருப்பாள்.

"எப்பம்மா வருவே?"

"வந்துக்கினே இருக்கேண்டா."

மாதர்பாக்கம் தாண்டும்வரை வைப்பர் அழகாக ஓடியது. அதற்கப்புறம் ஆளே இல்லாத ரோடு. இரண்டு பக்கமும் இருட்டு.

தட்.

காது கொடுத்துக் கேட்டேன். மறுபடியும்... தட்... தட்...

புது பிளேடு. என் பக்கம் மட்டும் தாவியது. என் கண்ணுக்கு நேராகத் தண்ணீர் திரை மாதிரி நின்றது. ரோடு தெரியவில்லை. ஓரங்கட்டி இறங்கினேன். நனைந்துகொண்டே ரப்பரைத் தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

உள்ளே வந்து உட்கார்ந்து வைப்பரை நிறுத்தினேன்.

என் பக்கத்து வைப்பர் நின்றது.

இடது பக்கம்... நிற்கவில்லை.

சர்ர்... சர்ர்...

இன்ஜினை அணைத்தேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

சர்ர்... சர்ர்...

நிதானமாக, அந்தப் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தது. அங்கே யாரோ உட்கார வேண்டும் என்பது போல.

பிறகு... ஏனென்று தெரியாது... அழுகை வந்தது. மழை பெய்தால் அவர் என்னை ஓட்ட விட்டதே இல்லை. "நீ அந்தப் பக்கம் ஒக்காரு சுமா, நான் ஓட்றேன்" என்பார்.

பையைத் தூக்கிப் பின்னால் போட்டேன். கியரைத் தாண்டி இடது சீட்டுக்கு நகர்ந்தேன். பெல்ட்டை மாட்டினேன். பழக்கம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஊட்டுக்குப் போலாங்க. புள்ள காத்துக்கினு கீது."

அவ்வளவுதான் சொன்னேன்.

கிரீக்...

டிரைவர் சீட் பின்னால் தள்ளப்படும் சத்தம்.

கண்ணைத் திறக்கவில்லை.

பயம்.

சர்ர்... சர்ர்...

எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விழித்தபோது மழை தூறலாகிவிட்டது. வண்டி ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது. சாவி என் உள்ளங்கையிலேயே இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. கனவு என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன்.

கால் பிரேக்குக்கு எட்டவில்லை.

சீட் கடைசிவரை பின்னால் போயிருந்தது. அவர் உயரமான ஆள். நான் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு வண்டியை எடுத்தேன். இரண்டு வைப்பரும் ஒழுங்காக ஓடின. கொஞ்ச தூரத்திலேயே ஊத்துக்கோட்டை விளக்குகள் தெரிந்தன. நடுவில் சத்தியவேடு பஜாரைத் தாண்டிய நினைவே எனக்கு இல்லை. அழுதழுது மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அமிர்தாவைக் கட்டிப்பிடித்துப் படுத்தேன்.

மறுநாள் காலை அந்தோணியிடம் போனேன். ஒரு பக்கம் நின்று ஒரு பக்கம் மட்டும் ஓடுமா என்று கேட்டேன்.

"அதெப்படி மேடம் ஓடும்? ரெண்டுக்கும் ஒரே மோட்டாரு. நின்னா ரெண்டும் நிக்கும்."

எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். பழுது எதுவும் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கன்னியம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பேக்கிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண். சத்தியவேட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். என் வீட்டில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"இன்னாக்கா, நேத்து நல்லா தூங்கிக்கினு போனீங்க. எங்க பஸ்ஸு பஞ்சராகி சத்தியவேடு பஜார்ல நின்னுக்கினு இருந்துச்சு. உங்க வண்டி பக்கத்துலதான் போச்சு. கை காட்னேன், நீங்க முழிக்கல."



"ஓட்னது யாரு?" என்றேன்.

"உங்க ஊட்டுக்காரர்தானே? மொகம் சரியாத் தெரியல. மழையில மெதுவா போனாரு. ஒரு கையில ஓட்டிக்கினு, இன்னொரு கைய உங்க தல மேலயே வெச்சிருந்தாரு."

நான் சாப்பாட்டை மூடி வைத்தேன்.

அந்த ராத்திரியை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்தச் சத்தம் நினைவிருக்கிறது. ஈரச் சேலையின் குளிர் நினைவிருக்கிறது. என் தலையில் ஒரு கை இருந்தது மட்டும்... எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.