ஒரு வரிசையில் நாலு பேர்

தாயில்பட்டியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறித் திருத்தங்கல் அச்சகத்துக்கு வேலைக்குப் போய்வந்த இசைவாணியைப் பற்றி ஊரில் இரண்டு விஷயம் சொல்வார்கள். பட்டாசு லேபிள் வரைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பது ஒன்று. அவள் கொஞ்சம் மரை கழன்ற கேஸ் என்பது மற்றொன்று. இருபத்தாறு வயசுப் பெண், கல்யாணம் பேசி முடித்த பெண், பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்து, பிள்ளைகள் விளையாடிச் சலித்துப் பரணில் தூக்கிப்போட்ட டிவி கேம் பெட்டிக்குப் புதுசாக ஒரு கேம் எழுதிக்கொண்டிருந்தால் வேறென்ன சொல்வார்கள்?

சொன்னவர்கள் யாரும் அந்தப் பெட்டியை அவள் பார்த்த மாதிரி பார்த்ததில்லை. 2005-இல் சிவகாசி வட்டாரத்தில் கம்ப்யூட்டர் உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் தீபாவளி போனஸில் டிவி கேம் வாங்காத தெரு கிடையாது. கேசட்டைச் சொருகி சுவிட்சைப் போட்டால் அடுத்த நொடி படம் வந்துவிடும். எழுதப்படிக்கத் தெரியாத கிழவர்கூட பட்டனைத் தட்டிப் பார்ப்பார். ஒரு விஷயத்தை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடம் எது?

பிரவுசிங் சென்டரில் அச்செழுத்துத் தேடப் போனவள் கண்ணில் தற்செயலாக ஒரு தளம் பட்டது. செய்த கம்பெனியே கைகழுவிய பழைய பெட்டிகளுக்கு, உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்து சிலபேர் புதுக் கேம்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தபால்காரர். ஒருவர் பல் டாக்டர். காசுக்காக இல்லை. இத்துனூண்டு நினைவகத்துக்குள், எட்டுக்கு எட்டுப் புள்ளி உள்ள கட்டத்துக்குள், மூன்றே நிறத்தில் ஒரு உயிரை ஓடவைத்துவிட்டால் அதில் ஒரு போதை. இசைவாணிக்கு அது உடனே பிடிபட்டது. தீப்பெட்டி அளவு லேபிளில் நாலு நிறத்தை வைத்துக்கொண்டு புலியையும் ராக்கெட்டையும் வரைகிறவளுக்கு அந்தக் கட்டம் தாராளம் அல்லவா! அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் எழுதியதையெல்லாம் படித்தாள். ப்ளஸ் டூவோடு நிறுத்திய படிப்பு அங்கே மறுபடி ஆரம்பித்தது.

அவள் எழுதிய கேமில் ராஜா இல்லை, ராட்சசன் இல்லை. ஒரு பட்டாசு கம்பெனி இருந்தது. காலையில் வேன் வந்து நிற்கும், பெண்கள் இறங்குவார்கள். விளையாடுகிறவர்தான் போர்மேன். ஒரு அறைக்கு நாலு பேர் வீதம் அனுப்ப வேண்டும். சீசன் ஏற ஏற ஆர்டர் கூடும், மணி அடிக்கும், லாரி வந்து ஹாரன் கொடுக்கும். நிறைந்த அறைக்குள் இன்னொருத்தியைத் தள்ளினால் லோடு சீக்கிரம் சேரும். ஆனால் ஐந்தாவது ஆள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அறை வெடிக்கும். திரை வெள்ளையாகி, பிறகு ஐந்து பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அவ்வளவுதான் கேம்.

அந்த ஐந்தாவது பெண் இசைவாணியின் அக்கா வேலுத்தாய். சிவகாசியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 2003 புரட்டாசியில், சீசன் வேலைக்கென்று தாய்வீட்டில் வந்து தங்கியிருந்தாள். சீசனுக்கு வருகிறவர்கள் பெயர் பதிவேட்டில் ஏறாது. ஆர்டர் தலைக்குமேல் நின்ற ஒருநாள், நாலு பேர் இருந்த அறைக்குள் ஐந்தாவதாக அவளை உட்காரச் சொன்னார்கள். மத்தியானம் அறையே இல்லை. பதிவேட்டில் நாலு பெயர் இருந்தது, கம்பெனியும் நாலு என்றது, பேப்பரிலும் நாலு தொழிலாளர் என்றே வந்தது. அக்காவின் புருஷன் கதிரவன் பத்து நாள் அலைந்துவிட்டு வந்து, "ரிஜிஸ்தர்ல பேரு இல்லாதவளுக்கு ஒண்ணும் செய்யமுடியாதுன்னுட்டாக" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். செத்ததைவிடக் கணக்கில் வராமல் போனதுதான் இசைவாணிக்கு ஆறவே இல்லை. அதற்காகத்தான் கேம்.

அதில் அந்தப் பெட்டி ஒரு வேலை காட்டியது. ஒரு பெண்ணை வரைய இரண்டு கட்டம் அகலம் வேண்டும். அந்தப் பெட்டியால் ஒரே வரிசையில் எட்டுக் கட்டத்துக்குமேல் காட்ட முடியாது. அதாவது, நாலு பேர். ஐந்தாவது பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவள் உள்ளே இருப்பாள், கணக்கில் இருப்பாள், திரையில் மட்டும் இருக்க மாட்டாள். முதன்முதலில் இதைக் கண்ட அன்று இசைவாணி டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். மெஷினும் அவர்கள் கட்சிதானா என்றிருந்தது.

தளத்துப் பல் டாக்டர்தான் வழி சொன்னார். யாரை முதலில் காட்டுவது என்பதை நொடிக்கு அறுபது தடவை மாற்றிக்கொண்டே இருந்தால், முறைவைத்து ஒருத்தி மறைய, ஐந்து பேரும் கண்ணுக்குத் தெரிவார்கள். படம் லேசாகத் துடிக்கும், அவ்வளவே. அதைச் சரிசெய்ய அவளுக்கு நாலு மாதம் பிடித்தது. வேலுத்தாய் திரையில் துடித்துக்கொண்டு நின்றபோது முதலில் கூப்பிட்டுக் காட்டியது கதிரவனைத்தான். அவன் டிவிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். "இது அவளேதான் வாணி. அந்தக் கொண்டைகூட அப்படியே இருக்கு" என்றான்.

கதிரவன் சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். அக்கா போன ஆறு மாதத்தில் திறந்த கடை. பழைய கேசட்டைப் பிளந்து, நினைவகச் சில்லைக் கழற்றி, புதுச் சில்லில் கேமை ஏற்றிப் பற்றவைத்துக் கொடுப்பதெல்லாம் அவன் வேலை. கை நயமானது. ஊரே நாலு என்று சொன்னபோது, அஞ்சு என்று அவளோடு சேர்ந்து சொன்ன ஒரே ஆளும் அவன்தான். அக்காவை இழந்த வீட்டுக்குத் தங்கையைக் கொடுக்கிற வழக்கத்தில் பெரியவர்கள் பேச்செடுத்தபோது இசைவாணி மறுக்காததற்கு அது ஒன்றே காரணம். ஐப்பசி கழித்துக் கார்த்திகையில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

இங்கே அவள் செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும். அச்சுத் தொழிலில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. லேபிள் வரைந்து முடித்தால் பிளேட் போடுகிறவனிடம் கோப்பு மொத்தத்தையும் திறந்தபடியே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அவன் தடுமாறக்கூடாது என்று எங்கே எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று ஓரத்தில் எழுதியும் வைப்பார்கள். வரைந்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. அந்தப் பழக்கத்தில் அவள் கதிரவனிடம் சில்லுக்கு ஏற்றுகிற கோப்பை மட்டும் கொடுக்காமல், தான் எழுதிய மூலத்தையே சிடியில் போட்டுக் கொடுத்தாள். முக்கியமான ஒரு வரிக்குப் பக்கத்தில் எழுதியும் வைத்தாள்: 'இதைத் தொடாதீக. இந்த வரிய எடுத்தா அக்கா மறஞ்சிருவா.'

புரட்டாசியில் ஒருநாள் அச்சக முதலாளி சங்கரபாண்டியன் அவள் மேசையில் ஒரு ஆர்டரை வைத்தார். ஒரு பட்டாசு கம்பெனி தன் ஏஜென்டுகளுக்குத் தீபாவளி அன்பளிப்பாக டிவி கேம் கேசட் கொடுக்கப் போகிறது. அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும், அளவெடுக்க மாதிரி கேசட் இது. எந்தக் கம்பெனி என்று பார்த்தாள். அக்கா போன கம்பெனி. அவர்கள் லேபிள் வழக்கமாக அந்த அச்சகத்துக்கு வருவதுதான், பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்து கொடுப்பாள். இந்த முறை கேசட்டைத் திருப்பிப் பார்த்தாள். கேசட்டின் பின்பக்கத் திருகு இருந்த இடத்தில் மெழுகு வைத்து அடைத்திருந்தது. அப்படி அடைக்கிற ஆள் வட்டாரத்திலேயே கதிரவன் ஒருத்தன்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் கேசட்டைச் சொருகினாள். கம்பெனியின் பெயர் வந்தது. 'லோடு ஏத்து' என்று தலைப்பு வந்தது. பிறகு அவளுடைய வேன், அவளுடைய அறைகள், அவள் கட்டம் கட்டமாக வைத்த வேப்பமரம். நாலு பேரை ஒரு அறைக்குள் அனுப்பினாள். ஐந்தாவது ஆளைத் தள்ளினாள். வெடிக்கவில்லை. லோடு ஏறியது. அறைக்குள் நாலு பேர்தான் தெரிந்தார்கள். ஆறாவது ஆளைத் தள்ளினாள், ஏழாவது ஆளைத் தள்ளினாள். உள்ளே போகிறவரை தெரிந்தார்கள், போனதும் காணோம். எத்தனை பேரைத் தள்ளினாலும் நாலு. படம் துளிக்கூடத் துடிக்கவில்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. லாரி நிறைந்ததும் டிவியில் வாணவேடிக்கை காட்டி, 'நல்ல சீசன்' என்று எழுத்து வந்தது.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நேரே கடைக்குப் போனாள். கதிரவன் ஒரு டிவியைக் கவிழ்த்துப்போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கேசட்டை மேசையில் வைத்தாள்.

"அந்த வரிய ஏன் அத்தான் எடுத்தீக?"

"எந்த வரி?"

"எந்த வரின்னு உங்களுக்குத் தெரியும். பக்கத்துலயே எழுதி வச்சிருந்தேன்ல."

அவன் பற்றவைக்கிற கம்பியைத் தாங்கியில் வைத்தான். "படம் துடிக்குதுன்னாக வாணி. ஏஜென்டுக்குக் குடுக்குற சாமான் துடிச்சா நல்லாவா இருக்கும்? வெடிக்கிறதும் வேண்டாம், அபசகுனம்னாக. முந்நூறு கேசட்டு ஆர்டர். கல்யாணச் செலவு இருக்கு. உங்கிட்ட அப்புறமாச் சொல்லிக்கிடலாம்னு நினைச்சேன். ஒருத்தன் சரக்குச் செய்ய இன்னொருத்தன் லேபிள் ஒட்டுறது நம்மூர்ல என்ன புதுசா?"

"லேபிள யாரு கேட்டா? எம்பேரு இல்லாட்டிப் போகுது. எங்கக்காவ எங்க?"

"ஏ புள்ள, இது வெறும் கேம்மு."

"அப்ப ஏன் அந்த வரிய எடுத்தீக? துடிப்பு போகணும்னா பொம்மைய ஒத்தக் கட்டமாக் குறுக்கிருக்கலாம். அஞ்சு பேருமே தெரிஞ்சிருப்பாக. அது உங்களுக்குத் தெரியாதா? நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

தெருவில் கம்பெனி வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"அவுகளுக்குப் போற சாமான்ல அஞ்சுன்னு காட்டுனா, நான் எழுதிக் குடுத்தது என்ன ஆகுறது?"

இசைவாணிக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன எழுதிக் குடுத்தீக?"

"அன்னிக்குக் கம்பெனிக்காரவுக எல்லாரும் என்னச் சுத்தி உக்காந்துட்டாக வாணி. பொணத்த வாங்கணும். நாலுன்னு அவுக எழுதி முடிச்சிட்டாக, அஞ்சாவதா ஒரு ஒடம்பு கெடக்கு. அதுக்கு ஒரு கணக்குச் சொல்லணும்ல. வேலுத்தாயி வேலைக்குப் போகல, அங்கன யாருக்கோ சோறு குடுக்கப் போனவன்னு எழுதியிருந்தாக. புருஷன்னு நான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் இந்தக் கடை வைக்க அவுகதான் பணம் குடுத்தாக."

பிறகு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது. இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, அஞ்சு அஞ்சு என்று அவளோடு சேர்ந்து சொன்னவன், நாலு என்று எழுதிக்கொடுத்த கையோடு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கையை நம்பி அக்காவை இரண்டாம் தடவை ஒப்படைத்தது அவள்தான். "கல்யாணப் பேச்ச விட்டுருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் அம்மா பஞ்சம்மாள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்ட மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏத்தா, வேலைக்குப் போகலையா? மாப்பிள்ளையப் பாத்தியா? என்ன சொன்னாரு?"

இசைவாணி வாசலிலேயே நின்றாள். "அன்னிக்கு அக்கா வேலைக்குப் போகலையாம்மா. கம்பெனியில யாருக்கோ சோறு குடுக்கப் போனாளாம். அத்தான் எழுதியே குடுத்துருக்காரு."

பஞ்சம்மாளின் கையில் பசை அப்படியே இருந்தது. மகள் சொன்னதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

"காலையில தூக்குவாளியில அவளுக்குக் கஞ்சி ஊத்திக் குடுத்து, வேன்ல ஏத்திவிட்டது நாந்தான" என்றாள். "அந்தக் கம்பெனியில நமக்கு யாரு இருக்கா? யாருக்குடி சோறு கொண்டுபோனா?"